மாற்று வேட்பாளர்

இந்த ஓரத்தில் நான் உட்கார்ந்துகொள்ளலாமா அம்மிணி? நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், பெஞ்சு பெரிய பெஞ்சுதான். நடுவில் என் பையை வைத்துவிடுகிறேன், போதுமா?

கையில் என்ன, மனுவா? கலெக்டருக்கா? சரியாய்ப் போயிற்று. டவாலி ஒன்றும் சொல்லவில்லையா உங்களிடம்? தேர்தல் முடிகிற வரைக்கும் ஊர்ச்சனங்களின் மனுவை வாங்கமாட்டார்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது, மாடுகூட வாய் வைக்க மாட்டேன் என்கிறது, எல்லாம் சரிதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் இன்றைக்கு அவர் கலெக்டர் இல்லை, தேர்தல் அதிகாரி. வேட்பு மனு மட்டும்தான் வாங்குவார்.

நான் அது கொடுக்கத்தான் வந்திருக்கிறேன். ஆமாம், பாராளுமன்றத்துக்குத்தான். சுயேச்சை. இன்றைக்கு மூன்று மணியோடு கடைசி. மனு எழுதியாயிற்று, டெபாசிட் பையில் இருக்கிறது. முன்மொழிகிறேன் என்று இந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. என் பங்காளி குப்பண்ணன் போடுகிறேன் என்று என்னோடு பஸ் ஏறினான். இங்கே இறங்கி டீ குடித்தான், வடை தின்றான். ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவனை இன்னும் காணவில்லை. அதற்குக் காவிரிக்கரைக்கே போய்விட்டானோ என்னவோ. வருவான். வராவிட்டால் என்ன, இந்தத் தொகுதியில் ஒரு கையெழுத்துக்கா பஞ்சம்?

யாரை எதிர்த்தா? பாவாயம்மாளை எதிர்த்துத்தான். எண்பதிலும் எண்பத்துநாலிலுமாக இரண்டு தடவை எம்.பி.யாக இருந்த பாவாயம்மாளை எதிர்த்துத்தான். நீங்களும் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். அவள் கழுத்தில் தாலி கட்டியவன் நான்.

பார்த்தீர்களா, எல்லாரும் இப்படித்தான் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பஸ்ஸிலும் பார்த்தார்கள். பெண்சாதியை எதிர்த்துப் புருஷன் நிற்கலாமா என்று கேட்கிறார்கள். புருஷனுடைய இடத்தில் பெண்சாதி போய் உட்காரலாமா என்று இத்தனை வருஷமாக ஒருவன் கேட்டிருப்பானா? கேட்கமாட்டான். கேளுங்கள், சொல்கிறேன். உங்களுக்கும் பொழுது போகவேண்டும், எனக்கும் குப்பண்ணன் வரவேண்டும்.

அப்போது எனக்கு நான்கு லாரி ஓடிக்கொண்டிருந்தது. கட்சியில் நான் மாவட்டப் பொருளாளர். கொடிக்கு நான், கூட்டத்துக்கு நான், தலைவர் வந்தால் கார் என்னுடையது, தூக்கம் கெடுவது என்னுடையது. கடைசியில் ஒருவழியாகச் சீட்டும் எனக்குத்தான் வந்தது. அர்த்தநாரி என்று பேப்பரில் போட்டிருந்தான். ஊரெல்லாம் வெடி.

அப்போது கட்சி ஆபீசில் சொன்னார்கள், ஒரு மாற்று வேட்பாளரும் மனு கொடுக்கவேண்டும் என்று. அது வழக்கம் அம்மிணி. நிற்கிறவன் மனு எதிலாவது சிக்கித் தள்ளுபடி ஆகிவிட்டால் கட்சிக்கு ஆளில்லாமல் போய்விடும் அல்லவா, அதற்காகக் கூட ஒரு டம்மி. நம்முடைய மனுவை ஏற்றுக்கொண்டதும் டம்மி வாபஸ் வாங்கிவிடவேண்டும். வெளி ஆளைப் போட்டால் வாபஸ் வாங்க அது கொடு இது கொடு என்பான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் பெண்சாதியைத்தான் போடுவார்கள். பெண்சாதி என்றால் போடு என்ற இடத்தில் போடுவாள், எடு என்ற நேரத்தில் எடுத்துவிடுவாள். அப்படித்தான் எல்லார் வீட்டிலும்.

நான் போய் நின்றபோது அவள் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல சீலையா ஒண்ணு கட்டிக்கிட்டு வா. ஒரு கையெழுத்துப் போடோணும்."

"எதுக்குங்க மாமா?"

"எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நீ நிக்கறதுக்கு."

கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஆனாத்தான் நிக்கோணுமுங்களா?"

நான் சிரித்தேன். பாருங்கள், சிரித்தேன்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அன்றைக்கு வியாழக்கிழமை, மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். மறுநாள் பரிசீலனை. வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. திருச்செங்கோட்டு ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்து, ஒன்றரைக்குள் மனுவை அதிகாரி கையில் வைத்துவிடுங்கள் என்றார். தாரை தப்பட்டையோடு வந்தேன் அம்மிணி. இதோ இந்த வாசலில் மாலை போட்டே என் கழுத்து வளைந்துபோயிற்று. மாலையைக் கழற்றி, கூட்டத்தை விலக்கி உள்ளே போய் மனுவைக் கையில் வைத்தேன். ராகு காலத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். அதில் ஒரு குற்றமும் இல்லை.

அப்புறம் அந்த அதிகாரி ஒரு சீட்டை நீட்டினார். சின்ன வயசு, வடக்கத்தி ஆள். உறுதிமொழி எடுங்கள் என்றார். நிற்கிறவர்கள் எல்லாரும் கடவுள் பேரால் ஒரு சத்தியம் சொல்லவேண்டும், அது சட்டம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம் பிறந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள், கடவுள் பேரால் சொல்கிற வார்த்தையை ராகு காலத்தில் சொல்லலாமா? கடன் கேட்கக்கூட எவனும் போகமாட்டான். நான் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"நாளைக்குக் காத்தால ஒம்பதரைக்கு வந்து சொல்லிப்போடறனுங்க. பரிசீலனை பதினோரு மணிக்குத்தானே?"

"மிஸ்டர் அர்த்தநாரி, இன்னிக்கே சொல்லணும். நாளைக்குச் சொல்லி யூஸ் இல்லை."

"எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் தமிழே அரைகுறை. அவர் பேச்சைப் பெரிதாக எடுக்கமுடியுமா?

எனக்குப் பின்னால் நின்றவள் அவள். அவள் மனு ராகு காலத்தில்தான் போயிற்று. டம்மிக்கு என்ன ராகு காலம், எமகண்டம்? கொடுத்தாள். சீட்டை வாங்கினாள். ஒரு எழுத்து விடாமல் சத்தியத்தைப் படித்தாள். படித்துவிட்டுச் சும்மா வந்தாளா? அந்த அதிகாரியிடம் நின்று கேட்டிருக்கிறாள், இன்றைக்கே எடுக்காவிட்டால் என்னாகுமுங்க என்று. பரிசீலனைத் தேதிக்கு முந்தின நாளே சொல்லியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி, ராத்திரி வீட்டுக்கு வந்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொல்லியிருக்கிறார். எப்படி இருக்கிறது கதை?

என்னது? அவள் என்னிடம் சொன்னாளா என்றா கேட்கிறீர்கள்?

சொன்னாள். சொல்லவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். காரில் வரும்போது ஒருதரம் சொன்னாள், "மாமா, அந்த ஆபீசர் இன்னைக்கே சொல்லோணும்ங்கறாரு." நீ வாயை மூடிக்கிட்டு வா என்றேன். ராத்திரி ரசம் ஊற்றும்போது இன்னொரு தரம் சொன்னாள். படுக்கப் போகும்போதும் ஏதோ சொன்ன மாதிரி ஞாபகம். ஆனால் எப்படிச் சொன்னாள்? உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். ஒரு மனுஷனின் வாழ்க்கை போகிற விஷயத்தை அந்தக் குரலிலா சொல்வது? கத்தியிருக்க வேண்டாமா? என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

இழுத்திருந்தால் போயிருப்பேனா என்றால்... அறைந்திருப்பேன். அது வேறு விஷயம். அவள் கடமை அவளுக்கு இல்லையா?

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, ஒன்பதரைக்கு வந்து நின்றேன். பரிசீலனையில் என் பேரைப் படித்தார்கள். தள்ளுபடி. அடுத்து அவள் பேர். ஏற்பு. எதிர்க்கட்சிக்காரன் வாசலில் நின்று என் காதில் விழும்படியே சொன்னான். "மாப்பிள்ளை ராகு காலம் பாத்துக்கிட்டு நின்னாரு, தோழன் தாலியைக் கட்டிப்புட்டானப்பா!" அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கட்சிக்காரனும் சிரித்தான். நேற்று எனக்கு மாலை போட்டவன் அம்மிணி.

சரி போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பேர் யாருடையதாக இருந்தால் என்ன? நிற்பது அவள், நடப்பது நான். ஓட்டுச் சீட்டில்கூட அ. பாவாயம்மாள் என்றுதான் போட்டான். முதலெழுத்து என்னுடையது. சுவரெல்லாம் நம் அர்த்தநாரியின் துணைவியார் என்று எழுதச் சொன்னேன். அவள் பேரைவிட என் பேர் பெரிதாக இருக்கும். மேடையில் நான் பேசுவேன், அவள் கும்பிடுவாள். ஜெயித்ததும் ராஜினாமா செய்துவிட வேண்டும், இடைத்தேர்தலில் நான் நின்றுகொள்வேன். இதுதான் ஏற்பாடு. எல்லாருக்கும் சம்மதம். அவளைக் கேட்டேனா என்றால், அவளை என்ன கேட்பது? ஒரு ஜாக்கிரதைக்காகப் பழனி மலை இருக்கிற திசையைக் காட்டி, ராஜினாமா பண்ணுகிறேன் என்று சத்தியம் செய் என்றேன்.

"ஏற்கனவே ஒண்ணு செஞ்சாச்சுங்களே மாமா, அந்த ஆபீசர் முன்னால. ஒரே காரியத்துக்கு ரெண்டு சத்தியம் ஆவாதுங்க" என்றாள்.

வாய்! வீட்டுக்குள் இருந்தவரைக்கும் அந்த வாய் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு தறிக்காரர் ஊரில் கூட்டம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். நல்ல பேச்சு. நாட்டின் நிலை, விலைவாசி எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். குடத்தோடு நின்ற ஒரு பொம்பளை குறுக்கே கத்துகிறாள். "ஏனுங்கண்ணா, நீங்க நிக்கறீங்களா, அந்த அக்கா நிக்கறாங்களா? நிக்கறவங்களைப் பேசச் சொல்லுங்க!" கூட்டம் கைதட்டுகிறது. எனக்கு வேறு வழியில்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார் என்று மைக்கைக் கொடுத்தேன்.

கொடுத்தேனா? அதோடு போயிற்று அந்த மைக்கு.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் என்ன பேசினாள் தெரியுமா? விலைவாசி பேசவில்லை. "நம்ம பாட்டிமாருக்கு ஓட்டே கெடையாதுங்க" என்றாள். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் சட்டசபையில் முதலில் பெண்கள் ஓட்டுப் போடலாம் என்று விட்டார்களாம். ஆனால் நிற்கக்கூடாது என்றார்களாம். "போடற கை வேணுமாம், நிக்கற கால் வேண்டாமாம்" என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு. அப்புறம் அஞ்சு வருஷம் கழித்துத்தான் பெண்ணும் சட்டசபையில் உட்காரலாம் என்று தீர்மானம் போட்டார்களாம். அதற்கப்புறம் ஒரு சட்டத்தில், சொத்து வைத்திருக்கிறவனுடைய பெண்சாதி என்றால் அவளுக்கும் ஓட்டு என்றார்களாம். "சொத்து அவருது, ஓட்டு நம்மளுது. அவரு சொத்தை வித்துப்போட்டா நம்ம ஓட்டும் சந்தைக்குப் போயிருமுங்க" என்றாள். சுதந்திரம் வந்து சட்டம் எழுதினபிறகுதான் எந்தப் பொம்பளையும், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், புருஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாராளுமன்றத்துக்கே நிற்கலாம் என்று ஆயிற்றாம். "அப்படி ஆகியும் முதல் பார்லிமெண்டுல அத்தனை ஆம்பளைக்கு நடுவுல பொம்பளைங்களை வெரல் விட்டு எண்ணிப்போடலாமுங்க. நான் ராகு காலத்துல மனுக் கொடுத்தவ. நல்ல நேரம் வருட்டும்னு பாத்திருந்தா நம்ம யாருமே கொடுத்திருக்க மாட்டோமுங்க."

கைதட்டல் அடங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த கட்சிச் செயலாளர் கண்ணைத் துடைக்கிறார். ஆம்பளை! மேடையில் உட்கார்ந்து அழுகிறார்!

எனக்கு என்ன ஆத்திரம் என்றால், இதெல்லாம் எங்கே படித்தாள்? விசாரித்தால், என் லாரி ஆபீசுக்கு வருகிற பேப்பர் எல்லாம் சாயந்தரம் வீட்டுக்கு வரும் அல்லவா, அடுப்புப் பற்றவைக்க. அதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டுப் பற்றவைத்திருக்கிறாள். என் காசில் வாங்கின பேப்பர். அதையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாள். நான் கேட்கிறேன், சொத்து வைத்திருக்கிறவன் பெண்சாதிக்கு ஓட்டு என்று ஒரு சட்டம் இருந்ததே, அதில் என்ன தப்பு? நல்ல சட்டம். யாரால் இந்த ஓட்டு வந்தது என்று அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதைப் போய் மாற்றினார்கள்.

அன்றையிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அவள்தான் பேசவேண்டும் என்றார்கள். என்னை மேடையில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எண்ணி முடித்தபோது அவள் எம்.பி.

ராஜினாமாவா? அந்தப் பேச்சை எடுத்தேன். மாலையெல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்கிறது, ஆள் போக இடமில்லை. அவள் நின்றுகொண்டே மோர் குடிக்கிறாள். சரி பாவாயி, ஏற்பாட்டுப்படி எழுதிக் கொடுத்துவிடு என்றேன்.

"எனக்குப் போட்டாங்க மாமா. உங்களுக்குப் போடோணும்னா அவங்களையே கேளுங்க. நான் எப்படி எடுத்துக் கொடுக்கறது? என்னுதா?"

என்னுதா என்று கேட்கிறாள்! அப்புறம் யாருடையது? என்னுடையதுதானே? சீட்டு எனக்கு வந்தது, சொல்லுங்கள்.

டெல்லிக்கு நானும் போனேன். விடமுடியுமா, தெரியாத ஊர். அங்கே எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் என் பேர் கீழே இருந்தது. மேலே எம்.பி.யின் கணவர் என்று போட்டிருந்தது. பாராளுமன்றத்துக்குள்ளே அவள் போகிற வாசலில் நான் போகக்கூடாதாம். மேலே மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாமாம். பேசக்கூடாது, எழக்கூடாது, கையை நீட்டக்கூடாது. அவள் பேச எழுந்தாள். லாரி டிரைவர்களைத் தூங்கவிடாமல் முதலாளிகள் ஓட்டச் சொல்கிறார்கள், அதனால்தான் ரோட்டில் சாவு, அதற்கு மந்திரி என்ன செய்யப்போகிறார் என்று கேட்கிறாள். லாரி முதலாளி வீட்டுச் சோறு தின்கிறவள் கேட்கிறாள்! நான் எழுந்து, உட்காரு உட்காரு என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான். வெள்ளைச் சட்டைக் காவல்காரர் இரண்டு பேர் வந்து என் முழங்கையைப் பிடித்தார்கள். மரியாதையாகத்தான் பிடித்தார்கள். வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சாயந்தரம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அங்க எந்திரிச்சு நிக்கோணும்னா கீழ வரோணுமுங்க மாமா."

இரண்டாம் தடவையும் கட்சி அவளுக்கே கொடுத்தது. இப்போது மூன்றாம் தடவை. கீழே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன் அம்மிணி. எனக்குப் பெருந்தன்மை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. போன வாரம் அவளிடம் நானே போய்ச் சொன்னேன், சரி, நீயே நில், மாற்று வேட்பாளராக என் பேரைப் போடு என்று. நான்! சீட்டு வாங்கின நான், அவளுக்கு டம்மியாக நிற்கிறேன் என்று சொல்கிறேன். காலில் விழாத குறை. யாரைப் போட்டிருக்கிறாள் தெரியுமா? எலச்சிபாளையத்து நர்சம்மா ஒருத்தியை. பிரசவம் பார்க்கிறவளை! ஏன் என்று கேட்டேன்.

"உங்களைப் போட்டா மனு பரிசீலனை ஆகற வரைக்கும் எனக்குத் தள்ளுபடி ஆகோணும்னு சாமி கும்பிட்டுக்கிட்டே இருப்பீங்க மாமா. உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குக் கோபமே வருவதில்லை, அதுதான் எனக்கு ஆகாதது. இன்றைக்குக் காலையிலும் இட்லி வைத்தாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றாள். உன்னை எதிர்த்து மனுக் கொடுக்க என்றேன். மூஞ்சி மாறவேண்டுமே! "கொடையை எடுத்துக்கிட்டுப் போங்க, மழை வருமாட்ட இருக்குது" என்றாள். இதோ, இந்தக் குடைதான்.

மணி என்ன ஆயிற்று? ரெண்டு தாண்டியிருக்குமா? குப்பண்ணன் இனிமேல் வரமாட்டான். அவன் பெண்சாதி பாவாயி கட்சி.

அம்மிணி, நீங்கள் எந்த ஊர்? காட்டுவேலம்பாளையமா? அட, நம் தொகுதிதான். ஓட்டு இருக்கிறதா? பாவாயம்மாளிடமும் இந்தக் கிணற்று மனுவைக் கொடுத்தீர்களா? கலெக்டருக்கு எழுதினாளா, அதோடு சரியா? பார்த்தீர்களா! எழுதிவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடுமா? இதைத்தான் நானும் சொல்கிறேன். வாருங்கள், என் மனுவில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். முன்மொழிகிறேன் என்று, அவ்வளவுதான். கையெழுத்துப் போடத் தெரியுமல்லவா?

வீட்டுக்காரரைக் கேட்கவேண்டுமா? எதற்கு? அவரா ஓட்டுப் போடுகிறார் உங்களுக்காக? உங்கள் ஓட்டு உங்களுடையது அம்மிணி. சட்டத்தில் எங்கேயாவது புருஷனைக் கேட்டுக்கொண்டு வா என்று எழுதியிருக்கிறதா? ஒரு பொம்பளை தன் புத்திக்குச் சரி என்று பட்டதைச் செய்யக்கூடாதா? இந்தக் காலத்தில் போய்ப் புருஷன், மாமியார் என்று பயந்துகொண்டு! திட்டினால் திட்டட்டும், உனக்கென்ன வேலை என்று கேளுங்கள். நீங்கள் தனி மனுஷி.

என்ன யோசனை? சரி, இன்னொன்று சொல்கிறேன். முன்மொழிகிறவர் என்று என்னோடு உள்ளே வந்தால் கலெக்டரை நேருக்கு நேர் பார்த்துவிடலாம். இத்தனை நாள் டவாலியைத் தாண்டியிருக்கிறீர்களா?

பேசலாமா என்றால், நீங்கள் பேசமுடியாது. மனுக் கொடுக்கிறவன்தான் பேசலாம். கொடுக்கிறவனிடமிருந்து அவர் வாங்கித்தான் ஆகவேண்டும். அப்புறம் வா, கிளார்க்கைப் பார் என்றெல்லாம் சொல்ல முடியாது. அவரே கையில் வாங்கவேண்டும், உட்கார்ந்து படிக்கவேண்டும், சீட்டு எழுதித் தரவேண்டும். அப்புறம் தேர்தல் முடிகிறவரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வேட்பாளர் என்றால் நாற்காலி போடுவார்கள்.

யார் யார் நிற்கலாம் என்றா கேட்கிறீர்கள்? யார் வேண்டுமானாலும். எனக்குத் தெரியாத சட்டமா? இருபத்தைந்து வயசு ஆகியிருக்கவேண்டும். ஓட்டு இருக்கவேண்டும். முன்மொழிய ஒரு கையெழுத்து. டெபாசிட். வேறு ஒன்றும் வேண்டாம். படிப்பா? படிப்பெல்லாம் கேட்கமாட்டார்கள். பையில் காலி மனு இன்னும் இருக்கிறது, ஒரு ஆள் நான்கு கொடுக்கலாம் என்று கூட வாங்கினேன். ஏன் கேட்கிறீர்கள்?

அங்கே யாரைக் கைகாட்டிக் கூப்பிடுகிறீர்கள்? கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் உங்கள் ஊர்ப் பொம்பளைகளா? வண்டி கட்டிக்கொண்டு வந்தீர்களா? அவர்கள் எதற்கு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணுகிறார்கள்?

இருங்கள் இருங்கள். நீங்களா? பாராளுமன்றத்துக்கா? கலெக்டர் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவா? அந்தப் பாட்டிலில் இருக்கிறதுதானா அது? மேஜைமேல் வைக்கப் போகிறீர்களா? ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லையா? டெபாசிட் போய்விடுமே! போனால் போகட்டுமா?

அட, மனுவை எடுங்கள், எடுங்கள், மாட்டேன் என்றா சொன்னேன்? பேர் என்ன உங்களுக்கு? மாராத்தாளா? அங்கே எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் இல்லை, அதற்குக் கீழே. அது முன்மொழிகிறவர் கட்டம். உங்கள் கூட வந்தவர்களில் யாராவது... அவர்களுக்கெல்லாம் கைநாட்டுத்தானா? கைநாட்டு என்றால் அதிகாரி முன்னால் வைத்து அவர் சாட்சி போடவேண்டும், இப்போது அதற்கெல்லாம் நேரம் ஏது? அப்படியானால்...

என்னையா?

நான் முன்மொழிவதா? என்ன பேசுகிறீர்கள் அம்மிணி? ஒரு பொம்பளையை எதிர்த்து நிற்க வந்திருக்கிறேன். இன்னொரு பொம்பளையை நானே நிற்கவைப்பதா? ஊர் சிரிக்காதா? ஏற்கனவே சிரிக்கிறது என்கிறீர்களா?

நீங்கள் எனக்குப் போடுவீர்கள், நான் உங்களுக்குப் போடவேண்டும். ம். கணக்கு சரிதான். சட்டத்திலும் இடம் இருக்கிறது. சரி, முதலில் என்னுடையதில் நீங்கள் போடுங்கள், அப்புறம் நான் போடுகிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்? நான் பேச்சு மாறுகிறவனா? இவ்வளவு நேரம் என் கதையைக் கேட்டுவிட்டா இப்படிச் சொல்கிறீர்கள்? கேட்டதால்தான் சொல்கிறீர்களா?

டவாலி மணியடிக்கப் போய்விட்டான், பாருங்கள். கதவைச் சாத்திவிடுவான். அந்தப் பொம்பளைகள் எல்லாம் எதற்கு என்னைச் சுற்றி நிற்கிறார்கள்? தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காற்று வரட்டும்.

கொடுங்கள் இங்கே, பேனாவைக் கொடுங்கள். நானே முதலில் போட்டுத் தொலைக்கிறேன். அர்த்தநாரி. தெளிவாக இருக்கிறதா? போதுமா? ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன் மாராத்தா. நாளைக்கு ஜெயித்துவிட்டு, எல்லாம் நீங்களாகவே செய்துகொண்டதாக வெளியே சொல்லக்கூடாது.